நாற்பத்தேழாம் எண் வீட்டுத் தங்கை

சாந்தாமணியின் மடியில் ஒரு பழைய துண்டு. துண்டின் மேல் அனந்தராமனின் இடது கால். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒற்றி எடுத்துவிட்டு, நகத்தை நேராக வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தை வளைத்து வெட்டக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு அங்கேதான் புண் தொடங்கும்.

"ஆடாதீங்க சார். ஆடுனா வெரலும் சேந்து வந்துரும்."

"ஆடல. கூசறது."

"அப்ப கூசாதீங்க."

யார் பார்த்தாலும் நெடுநாள் கணவன் மனைவி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த மொபைல் ஹோம் பார்க்கின் அலுவலகக் கோப்பில் அவள் அவருடைய தங்கை. கோயிலில் அவருக்கு கசின் சிஸ்டர். இப்போது கலிஃபோர்னியா மாநில அரசிடம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லலாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அதற்கான படிவம் கிடந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சன்னிவேல்.

முதலில் அவள் தங்கை ஆன விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சாந்தாமணிக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மகள் தாமரைச்செல்வியின் பிரசவத்துக்கு என்று 1985இல் வந்தவள், பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சும்மா இருக்க முடியாமல், கிரீன் கார்டு கைக்கு வந்த கையோடு சர்க்யூட் போர்டுக்கு சாலிடர் வைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதினோரு வருடம் அங்கேயே இருந்தாள். 1993இல் மகளும் மருமகனும் வேலை மாறி ஆஸ்டினுக்குப் போனபோது இவள் கூடப் போகவில்லை.

"இங்க எனக்கு வேலை இருக்குது, பஸ்ஸு இருக்குது. டெக்சாஸுக்குப் போயி, கார் ஓட்டத் தெரியாம, மருமகன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஊட்டுக்குள்ளயே குந்தியிருக்கச் சொல்றயா?" என்று மகளிடம் கேட்டாளாம்.

தங்க இடம் தேடியபோது, எல் கமினோ ரியல் சாலையில் ஒரு மளிகைக் கடைக் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஓர் அறை வாடகைக்கு, சைவம் மட்டும். சீட்டு எழுதியவர் அனந்தராமன். கும்பகோணத்துக்காரர். கவுண்டி சாலைத் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பெரிய வீட்டை விற்று, அதில் பாதியை மகன் தீபக் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாங்கிய வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் இந்த மொபைல் ஹோமை வாங்கியிருந்தார். லாரியில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் தகர வீடு. வீடு நம்முடையது, அடியிலிருக்கும் மண் பார்க் முதலாளியுடையது. மண்ணுக்கு மாதா மாதம் வாடகை.

பார்க்கில் உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது என்பது விதி. அதை அனந்தராமன் படித்திருந்தார். மின்கட்டண ரசீதைக்கூட நான்கு முறை படிக்கிற மனிதர். ஆனாலும் ஓய்வூதியத்தில் கைக்கும் வாய்க்குமாக ஓடிக்கொண்டிருந்ததால் படித்ததை மறந்துவைத்திருந்தார். சாந்தாமணி குடிவந்த மூன்றாம் நாள் துணி துவைக்கும் கூடத்தில் மேலாளர் டோரிஸ் எதிர்ப்பட்டாள். இது யார் என்று கேட்டாள்.

"மை சிஸ்டர்," என்றார் அனந்தராமன்.

அது தன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் என்பார். நம்பலாம், அவ்வளவு மோசமாகச் சொன்னாராம். வியர்த்துவிட்டதாம். டோரிஸ் அதைத் தங்கை மேலுள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டு, "நாற்பத்தேழாம் எண், தங்கை, விருந்தினர்" என்று கோப்பில் எழுதிக்கொண்டாள்.

கோயிலில் அந்தப் பொய்க்கு வேலை அதிகம். அவர் "பண்ணிண்டிருக்கேன்" என்பார். இவள் "பண்ணீட்டு இருக்கறனுங்" என்பாள். பெரியப்பா பிள்ளை என்று சொல்லிவைத்தார்கள். எந்தப் பெரியப்பாவுக்கும் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருக்க முடியாது என்பது தமிழ் கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும். எல்லாரும் தலையாட்டினார்கள். நம்புவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

வாடகைக்கு வந்தவள் எப்போது வாடகை தருவதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை. மவுண்டன் வியூ முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் படுக்கை மாற்றியவள் நான். யாருக்கு மலச்சிக்கல், யாருக்குத் தூக்கமில்லை என்று கேட்பேன். மற்றதைக் கேட்டால் பதில் நீளும். இரண்டு வாரத்துக்கொரு முறை அவருடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் போவேன். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலேயே சாந்தாமணி அந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவளாக இருந்தாள். அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவாள், கடைசி வரைக்கும்.

கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"ஒருக்கா பண்ணியாச்சுங்க்கா. அதுல சமையல்தான் ஜாஸ்தியாச்சு," என்றாள். பிறகு உண்மைக் காரணத்தைச் சொன்னாள். கணவருடைய குடும்ப ஓய்வூதியம் ஊரில் இவள் பெயரில் வருகிறது. நடக்க முடியாத நாத்தனார் ஒருத்தி அதில்தான் சாப்பிடுகிறாள். ஆண்டுதோறும் "நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். "அந்தப் புள்ளை இருக்கற மட்டும் நான் விதவையாத்தான் இருக்கோணும்," என்றாள். புள்ளைக்கு எழுபத்தைந்து வயது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜனவரியில் புதுச் சட்டம் வந்தது. கல்யாணமாகாத இருவர் துணைவர்கள் என்று மாநிலத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் வாழ்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கியது. அதில் கிழவன் கிழவிகளுக்கும் ஓரமாக ஓர் இடம் விட்டிருந்தார்கள். இருவரும் அறுபத்திரண்டைத் தாண்டியிருக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்குத் தகுதி இருக்க வேண்டும். சாந்தாமணிக்கு அறுபத்து நான்கு, அவருக்கு எழுபத்தொன்று. சாலிடர் வைத்த பதினோரு வருடம் அவளுக்குத் தகுதியையும் கொடுத்திருந்தது. பார்க்கின் பிங்கோ கூடத்தில் பக்கத்து வீட்டு ரூத் தன் சிநேகிதரோடு பதிந்துகொண்டதாகச் சொல்லி, மிச்சமிருந்த ஒரு படிவத்தை இவளிடம் கொடுத்தாள். அதுதான் மேசையில் கிடந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதை நகம் வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"சாருக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, இந்த ஊட்டவிட்டு என்னைய யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாதுங்க்கா. அவ்வளவுதான்."

நியாயமான கவலை. சாஃப்ட்வேர் பிள்ளைகள் கார் கொட்டகைக்குக்கூடப் போட்டி போட்டு வாடகை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சன்னிவேலில் அவள் கையிலிருந்ததற்கு ஒரு குளியலறை கிடைத்திருக்கும், கதவு இல்லாமல்.

நான் படிவத்தைப் படித்துப் பார்த்தேன். "இதுல வீட்டைப் பத்தி ஒண்ணும் இல்லையே, சாந்தாமணி?"

"ஸ்டேட்டே ரெஜிஸ்டர் பண்றது, அமலி மேடம்," என்றார் அனந்தராமன். "அதுக்கு மேல என்ன இருக்கு? ஆம்படையான் பெண்டாட்டி மாதிரிதானே?"

மின்கட்டணத்தை நான்கு முறை படிக்கிறவர் இதை ஒரு முறைதான் படித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கையெழுத்து நோட்டரி முன்னால் போட வேண்டும். எல் கமினோவில் மளிகைக் கடைக்கும் இட்லிக் கடைக்கும் நடுவில் கிட்டுசாமியின் கடை. வருமான வரி, பாஸ்போர்ட் படம், ஃபேக்ஸ், நோட்டரி எல்லாம் அவரே. ஈரோட்டுக்காரர். நோட்டரியின் வேலை கையெழுத்துப் போட்டது இவர்தானா என்று பார்ப்பது மட்டும். கிட்டுசாமி அத்தோடு நிற்கிறவரில்லை.

"அக்கா, ரெண்டு பேரும் ரத்த சொந்தம் இல்லீன்னு இதுல போட்டிருக்குது. கோயல்ல பெரியப்பன் மகன்னு சொன்னீங்களே?"

சாந்தாமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அனந்தராமன் கனைத்தார். "அது ஒரு ஃபார்மாலிட்டிக்கு..."

"இருந்தாலும் பரவால்லீங். கலிஃபோர்னியால மாமன் மகன், பெரியப்பன் மகன் எல்லாம் ஒண்ணுதான். யார வேணும்னாலும் கட்டிக்கலாம். கூடப் பொறந்தவங்கன்னா மட்டும்தான் ஆகாது."

"அட கண்றாவியே! பெரியப்பன் மகனயா?" சாந்தாமணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தானே கட்டிவிட்ட பொய் உறவு அது.

"அப்பப் பொய்யின்னே வெச்சுக்கலாங்க்கா," என்று முத்திரையைக் குத்தினார் கிட்டுசாமி.

மூன்று வாரத்தில் மாநில அரசின் முத்திரையோடு நகல் வந்தது. சாந்தாமணி அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போனால் மடியில், தூங்கினால் தலைமாட்டில். வீடு கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

ஏப்ரலில் அனந்தராமனுக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸ் முன்னால் போக, என் காரில் நாங்கள் பின்னால் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"சிஸ்டர்," என்றாள் சாந்தாமணி.

கதவு திறந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "கையிலயே பேப்பர் வெச்சுக்கிட்டு, ஏன்டி தங்கச்சின்னு சொன்னே? அந்தப் பேப்பர் இதுக்குத்தானே?"

"ஏழு வருசமாச் சொல்லி வாய் பழகிருச்சுங்க்கா. அதுவுமில்லாம, பாத்தீங்களா, சொன்ன ஒடனே அந்தப் புள்ள கதவத் தொறந்துருச்சு."

அதுவும் சரி. பேப்பரைக் காட்டியிருந்தால் மேலாளரைக் கூப்பிட்டிருப்பார்கள், மேலாளர் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார். நான்கு மாதச் சட்டம். தங்கை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் தீபக் வந்துவிட்டான். அப்பாவுக்குக் கத்தி வைக்காமல் மருந்திலேயே பார்க்கலாம் என்று மருத்துவர்கள் மகனிடம்தான் பேசினார்கள், மகனிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்த விஷயத்தில் துணைவருக்கு அப்போது சட்டத்தில் வாய் கிடையாது. சாந்தாமணி மருந்துப் பெயர்களை மட்டும் திருத்திச் சொன்னாள். தீபக் இரண்டைத் தப்பாகச் சொல்லியிருந்தான்.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவள் வைத்த ரசத்தை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அவன் பேச்சை ஆரம்பித்தான். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, ஐ ரியலி அப்ரிஷியேட் எவ்ரிதிங். நீங்க இல்லேன்னா அப்பாவை யார் டேக் கேர் பண்ணியிருப்பா? பட், பிராக்டிகலா யோசிக்கணும். அப்பாவை ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு மூவ் பண்ணிடலாம்னு இருக்கேன். இந்த ஹோமை இப்போ மார்க்கெட்ல போட்டா ஒரு வீக்ல போயிடும். உங்க டாட்டர் ஆஸ்டின்லதானே இருக்காங்க?"

சாந்தாமணி கைப்பையைத் திறந்து உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். முழுவதையும் படித்தான், பின்பக்கத்தையும் சேர்த்து. "வாவ்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கங்கிராஜுலேஷன்ஸ்," என்றான். அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது.

"இதுல ஹாஸ்பிடல் விசிட் பண்ணலாம், ஒருத்தர் எக்ஸ்பென்ஸை இன்னொருத்தர் பாத்துக்கணும், அவ்வளவுதானே ஆன்ட்டி இருக்கு? ப்ராப்பர்ட்டி பத்தி ஒண்ணுமே இல்லையே? டைட்டில் அப்பா பேர்ல மட்டும்தான் இருக்கு."

"அது தெரியாதுங்க தம்பி. ஸ்டேட்டுல பதிஞ்சிருக்குது."

"இன்னொண்ணு. காலையில பார்க் ஆபீஸ் போனேன். டோரிஸ் ஃபைல்ல நீங்க சிஸ்டர். ஹாஸ்பிடல் சார்ட்லயும் சிஸ்டர். இதுல 'நாட் ரிலேட்டட்'னு சைன் பண்ணியிருக்கீங்க. யாராவது கேட்டா எது ட்ரூ ஆன்ட்டி?"

"அத உங்கப்பாவக் கேளுங்க. தங்கச்சின்னு மொதல்ல சொன்னது அவருதான்."

தீபக் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு, "டேக் யுவர் டைம் ஆன்ட்டி, ஜூலைல வந்து டிசைட் பண்ணலாம்," என்று சொன்னான். ஐந்தாம் நாள் அப்பாவை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு விமானம் ஏறினான்.

அன்றைக்குத்தான் சாந்தாமணி கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

நான் கிட்டுசாமியிடம் போய்க் கேட்டு வந்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. மொபைல் ஹோமுக்கு, காருக்கு இருப்பது போல, மாநிலம் தரும் ஓர் உரிமைப் பத்திரம் உண்டு. அதில் சாந்தாமணி பெயரைக் கூட்டுச் சொந்தக்காரராகச் சேர்த்து, ஒருவர் போனால் மற்றவருக்கே முழுதும் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பார்க் அலுவலகமும் அவளைக் குடித்தனக்காரியாக ஏற்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரே ஒருவர்.

அந்த ஒருவர், "பார்க்கலாம்," என்றார்.

பார்க்கலாம் என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு மனிதர் ஆறு வாரம் குடியிருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உடம்பு தேறட்டும் என்றார், தேறியது. பத்திரத்தைத் தேட வேண்டும் என்றார், பத்திரம் அவர் கையாலேயே பெயர் எழுதி ஒட்டிய கோப்பில் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போன அன்று உண்மை வெளியே வந்தது.

"தீபக் என்ன நெனச்சுப்பான்? அவன் அம்மா ஞாபகமா அவனுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"அவங்கம்மா இந்த ஊட்டுக்குள்ள கால் வெச்சதே இல்லியே சார்? அவங்க போன பொறவுதான இத வாங்குனீங்க?"

"இருந்தாலும்..."

"ஒரு உயில் எழுதி வெச்சிருங்களேன்," என்றேன் நான்.

"அந்த வார்த்தைய ஆத்துல சொல்லாதேங்கோ, அமலி மேடம். இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்கேன்."

அவளைத் துணைவர் என்று மாநிலம் முழுவதும் அறிய எழுதிக் கொடுத்தவர்தான். தகர வீட்டின் பத்திரத்தில் பெயர் எழுதத்தான் கை வரவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதியோர் இல்லத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, வங்கி லாக்கர் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய கனவான்களைப் பார்த்திருக்கிறேன்.

சாந்தாமணி கோபப்படவில்லை. மாத்திரை டப்பாவை மூடினாள். எழுந்து உள்ளே போய்ப் பெட்டியில் நான்கு புடவையை வைத்து எடுத்துவந்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு சோபாவில் உட்கார்ந்தாள். அந்த சோபாவில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எங்க போறேள்?" அனந்தராமனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"எங்கயும் போகலீங். ஆபீஸ்ல என்ன எழுதியிருக்குது? தங்கச்சி, விருந்தாளி. அண்ணன் ஊட்டுக்கு வந்திருக்கறன். காப்பி போடுங்க."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் எழுந்துபோய்க் காப்பி போட்டார். அதில் உப்பு இருந்தது. அவள் குடித்தாள்.

இது மூன்று நாள் நடந்தது. மாத்திரையும் ஊசியும் மட்டும் நேரம் தவறாமல் அவளே கொடுத்தாள். அதில் விளையாடியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். மற்றபடி விருந்தாளிதான். அவர் சோறு வைத்தால் சாப்பிட்டாள். டிவியில் என்ன போட்டாலும் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் போனபோது அனந்தராமன் கையில் சூடுபட்ட கொப்புளத்தோடு, தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாந்தாமணி சோபாவில் இருந்தபடி பேசினாள். சத்தம் போடாமல், கணக்கு வாத்தியார் போல.

"ஒரு சந்தேகமுங்க சார். எங்கூர்ல தங்கச்சிக்கு அண்ணன் சீரு செய்யோணும். தீவாளிக்கு, பொங்கலுக்கு, ஒரு நல்லது கெட்டதுன்னா எல்லாத்துக்கும் அண்ணன்தான் முன்ன நிக்கோணும். செய்யாத அண்ணன ஊருக்குள்ள சேத்தவே மாட்டாங்க. நீங்க ஏழு வருசமா எனக்கு அண்ணன். என்ன சீரு செஞ்சீங்க?"

"சாந்தாமணி, அது..."

"உங்க ஊர்ல செய்ய மாட்டீங்களா?"

"செய்வோம். செய்யாம? பொறந்தாத்துச் சீர்னா..." அவர் கரண்டியோடு நின்றுவிட்டார். எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தங்கச்சின்னா சீரு பாக்கி. கூட்டாளின்னா பாதி ஊடு பாக்கி. ரெண்டும் இல்லீன்னா நான் வாடகைக்கு வந்தவ. அத டோரிஸம்மாகிட்ட நானே போயிச் சொல்லீர்றன், உள்வாடகைக்கு ஆள் வெச்சீங்கன்னு. எந்தக் கணக்குல தர்றீங்கன்னு நீங்களே சொல்லீருங்க சார். எனக்கு எதுன்னாலும் சம்மதம்."

நான் ரத்த அழுத்தக் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினேன். கொஞ்சம் ஏறியிருந்தது, ஆபத்தில்லை.

"தங்கைக்குக் குடுத்தா தீபக் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் மெதுவாக, ஏதோ பாலத்துக்கு வரைபடம் போடுவது போல. "ஆனா தங்கைன்னா அந்த ஸ்டேட் பேப்பர் செல்லாது. பொய் சத்தியம் ஆயிடும். துணைன்னு சொல்லிண்டு ஆத்துல பாதி குடுக்கலேன்னா..." அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அதுவும் பொய் சத்தியம்தான்."

"அதத்தான நான் மூணு நாளாச் சொல்றன்?"

"நீங்கோ எங்க சொன்னேள்? சோபால உக்காந்துண்டு டிவின்னா பாத்தேள்."

மறுநாள் டோரிஸிடம் போனோம். அனந்தராமன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேசை முன்னால் நின்று, சாந்தாமணி தன் தங்கை இல்லை என்று சொன்னார். டோரிஸ் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எப்போதிலிருந்து இல்லை என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே இல்லை என்றார் அவர். நேர்மைக்கு வந்த வேகத்தில் உள்வாடகையையும் சேர்த்துச் சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் கோட்டை இழுத்தேன்.

சேர்ந்து வாழ்வதைப் பற்றி டோரிஸுக்கு ஒரு கருத்தும் இல்லை. அந்தப் பார்க்கில் பாதிப் பேர் அப்படித்தான். ஏழு வருடமாக இருவருக்கும் தனித்தனியாகக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பியதில் தபால்தலை வீணாய்ப் போனதுதான் அவளுக்கு வருத்தம். புதிதாகக் குடித்தன விண்ணப்பம் எழுதச் சொன்னாள், நற்சான்று கொடுக்க இரண்டு பேர் பெயர் கேட்டாள். நான் ஒன்று. கிட்டுசாமி இன்னொன்று. உறவுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது சாந்தாமணி அந்தக் கண்ணாடித்தாள் உறையை நீட்டினாள். டோரிஸ் அதை நகல் எடுத்துக்கொண்டாள். அந்தப் பேப்பர் முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான்.

விண்ணப்பம் ஒரு வாரத்தில் சரியாகி வந்தது. அன்று சாயங்காலமே கிட்டுசாமி கடையில் உரிமைப் பத்திரத்தை விரித்தோம்.

"நோட்டரி முத்திரை இதுக்குத் தேவையில்லீங். ஆனா நான் இருக்கறன்," என்றார் கிட்டுசாமி. "பேருக்கு நடுவுல என்ன போடறதுன்னு பாத்துப் போடோணும். இந்தக் கட்டத்துல குறி வெச்சா ஒருத்தரு போனாலும் மத்தவங்களுக்கு முழுசும். வேற கட்டத்துல வெச்சா பாதி உங்க மகனுக்குப் போயிரும். அப்பொறம் அக்காவும் தீபக் தம்பியும் ஆளுக்கொரு ரூமுல குடியிருக்கோணும்."

"சாந்தாமணி முன்னாடி போயிட்டா?"

"அப்ப முழுசும் உங்களுக்கே வந்துருமுங்."

"அதுக்கு ஆசப்படாதீங்க சார்," என்றாள் சாந்தாமணி.

அனந்தராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். நான்கு முறை. வெளியே இரண்டு பேர் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தார்கள். நான்காம் முறை முடிந்தபோதுதான் இந்த மனிதர் இதை மனத்தோடு செய்கிறார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்தார். அவள் தமிழில் போட்டாள். அவளுடைய எல்லாக் கையெழுத்தும் தமிழில்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், தீபக்கிடம் இதை நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அனந்தராமன். எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டும் என்றார். பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, சாந்தாமணி நியூ ஜெர்சிக்குப் போன் போட்டாள். அங்கே ஒன்பது மணி, தீபக் அலுவலகத்தில் இருந்தான். ஊடு ரெண்டு பேர் பேர்லயும் ஆயிருச்சுங்க தம்பி, அப்பா நாலு வாட்டி படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு என்றாள். அவன், "ஓகே ஆன்ட்டி," என்றானாம். ஜூலைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, வரலாமா என்று கேட்டானாம்.

"வராம? புள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா ரூமு ஒண்ணுதான் காலியா இருக்குது, இப்பவே சொல்லீட்டன்."

பிரஷ்ஷும் நுரையுமாக ஓடிவந்த அனந்தராமன் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ் பிடித்துத் தபால் நிலையத்துக்குப் போய், கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்று, மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவுக்குப் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தாள். திரும்பும்போது எல் கமினோவில் இறங்கி, பிள்ளைகள் படுக்கக் காற்றடிக்கும் மெத்தை இரண்டு வாங்கி, ஒன்றைத் தலையிலும் ஒன்றைக் கக்கத்திலுமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன்.